பழைய ஹைலக்ஸ் கெப்புக்கு எந்த எஞ்சின்: நாலு வழிகளும் அவற்றின் உண்மைச் செலவும்

வாழைச்சேனையிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிறவரிடமும், சம்மாந்துறை வயலிலிருந்து நெல் மூடை இறக்குகிறவரிடமும், படுவான்கரைக் கிரவல் ரோட்டில் தினமும் ஓடுகிறவரிடமும் இன்னும் பழைய டீசல் ஹைலக்ஸ் கெப் நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில் திறந்தது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்ந்து வரும் விலையைப் பார்த்தவர்கள் திரும்பிப் பழைய கெப்பின் பொனட்டைத்தான் திறக்கிறார்கள். சட்டமும் அச்சும் நல்லாய் இருக்கின்றன, எஞ்சின்தான் இழுக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

கையில் இருக்கும் வழிகள் நாலு. கெப்பில் உள்ள ரொயோட்டா 2எல் டீசல் எஞ்சினைத் திறந்து புதிதாகச் செய்வது, அதே குடும்பத்தின் பெரிய எஞ்சினான 3எல் அல்லது 5எல் போடுவது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் விசிறி) பூட்டுவது, ரொயோட்டாவின் 1கேஇசட் போன்ற வேறு எஞ்சினுக்கு மாறுவது. கராஜில் பெரும்பாலும் மூன்றாவதும் நாலாவதும்தான் ஆசையோடு பேசப்படும். குறைந்த காசில் தினமும் ஓட வேண்டிய கெப்புக்கு முதல் இரண்டும்தான் பெரும்பாலும் சரியான பதில். அதன் காரணம் கீழே வரும் கணக்கில் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

இழுவை எந்தச் சுற்றில் வேண்டும். பின் அச்சு விகிதம் 4.5ஐ ஒட்டியும் டயர் வழக்கமான 16 அங்குல அளவிலும் இருந்தால், ஐந்தாம் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2300 சுற்றை ஒட்டிச் சுற்றும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கும், செங்கலடியிலிருந்து புணானைக்கும் ரோடு சமதரை. ஒரு தொன் சரக்கோடு போகிறவருக்கு 1500க்கும் 2500க்கும் இடையில் கிடைக்கும் இழுவையே காசு. 4000 சுற்றில் வரும் குதிரைவலு கேட்கத்தான் இனிமை. பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறுகிறவர்களுக்கும், மகியங்கனையின் பதினெட்டு வளைவில் ஏறுகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

வெப்பம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ரேடியேட்டருக்குள் போகும் காற்றே சூடாக இருக்கும். கிரவல் புழுதி தகடுகளை அடைக்கும், வாவிக்கரையின் உப்புக் காற்று தின்னும். கண்டிக் குளிரில் தாங்கும் ஏற்பாடு இங்கே தாங்காது.

பாகமும் பட்டறையும். அறுவடை நேரத்தில் உடைந்தால் மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ அன்றைக்கே பாகம் கிடைக்குமா, அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் போக வேண்டுமா?

பத்திரம். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

## எந்த முடிவுக்கும் முன்: ஒரு காலை வேலை

எஞ்சினைக் குறை சொல்லுமுன் எயர் பில்டரையும் டீசல் பில்டரையும் மாற்றுங்கள். ஒருவரை உள்ளே இருத்தி அக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, டீசல் பம்பின் நெம்பு கடைசிவரை போகிறதா பாருங்கள். கேபிள் தொய்ந்து முக்கால்வாசியில் நிற்கும் கெப்புகள் ஏராளம். சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றி பிரேக் பிடித்து நிற்கிறதா பாருங்கள். அழகுக்காக 31 அங்குல டயர் போட்டிருந்தால் கியர் விகிதம் ஏறத்தாழ 6 வீதம் கனத்துவிட்டது. இழக்கப்பட்ட இழுவையில் ஒரு பங்கு அங்கேதான் போனது.

பிறகு கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு. எஞ்சின் சூடானதும் நாலு குளோ பிளக்கையும் (ஸ்டார்ட் செய்யச் சூடாக்கும் பிளக்) கழற்றி, பம்பின் டீசல் வெட்டும் சொலனொயிட் வயரை எடுத்துவிட்டு, நல்ல பற்றரியோடு ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். 2எல், 3எல் இரண்டுக்கும் புதிதில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, அதாவது 455 பிஎஸ்ஐ. 20 கிலோவுக்கு, அதாவது 284 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது. சிலிண்டர்களுக்கு இடையில் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நாலும் 28க்கு மேலே ஒரே சீராக இருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டாம். டீசல் தெளிக்கும் நொசில் நாலையும் டெஸ்டரில் போட்டுப் பார்த்து, பம்ப் டைமிங்கை டயல் கேஜால் சரிசெய்தாலே போதிய மாற்றம் தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தால் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கெட்டையோ ஹெட் வெடிப்பையோ சந்தேகியுங்கள்.

## நாலு வழிகள் ஒரு பார்வையில்

| வழி | இழுவை, ஏறத்தாழ (கிலோகிராம் மீற்றர்) | செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| 2எல் மீளச் செய்வது | 17 | குறைவு | ஹெட் வெடிப்பு, கிராங் அரைப்பு |
| 3எல் / 5எல் | 19 – 20 | நடுத்தரம் | ரேடியேட்டர், கிளட்ச், பதிவு மாற்றம் |
| 3எல் + குறைந்த அழுத்த டர்போ | 24 வரை | நடுத்தரத்துக்கு மேல் | பம்ப், சைலன்சர் குழாய், அடிக்கடி ஒயில் |
| 1கேஇசட் | 29 | மிக அதிகம் | கியர்பொக்ஸ், வயரிங், புரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக் |

## உள்ள 2எல்லை மீளச் செய்வது

2446 சிசி, 92 மில்லிமீற்றர் விட்டம், 92 ஸ்ட்ரோக். நேர்மையான, மெதுவான எஞ்சின். கம்பிரஷன் நாலிலும் சீராகத் தேய்ந்து, ஹெட் நல்லாய் இருந்து, சரக்கும் அரைத் தொன்னைத் தாண்டாவிட்டால் இதுவே மலிவு. பதிவுப் புத்தகத்தையும் தொட வேண்டியதில்லை.

இங்கே காசு வீணாகும் இடம் ஒன்றுதான்: போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருக்க பிஸ்டன் ரிங்ஸ் மட்டும் மாற்றுவது. தேய்ந்த சிலிண்டர் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் முட்டை வடிவாக இருக்கும். புது ரிங் வட்டமானது. அது சுவரில் பிடிக்காமல் சில மாதத்தில் நீலப் புகை வரும், கழற்றிப் பூட்டிய கூலி இரண்டாம் முறையும் போகும். ஆகவே மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்த ஆறு எண்ணை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் தராத பட்டறையில் போர் செய்யக் கொடுக்க வேண்டாம். துளைத்துப் பெரிதாக்கும் முதல் அளவு, பழையதைவிட 0.50 மில்லிமீற்றர் கூட. பிஸ்டனைக் கையில் வைத்து அதன் விட்டத்தை அளந்த பிறகே போர் அடிக்க வேண்டும், பெட்டியில் எழுதிய அளவை நம்பி அல்ல.

ஹெட்டை அழுத்தப் பரிசோதனைக்குக் கட்டாயம் போடுங்கள். வால்வு இருக்கைகளுக்கு இடையிலும், டீசல் எரியும் சிறு அறையைச் சுற்றியும் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு சூட்டில்தான் திறக்கும். ஹெட்டின் முகத்தைத் தேய்க்க வேண்டி வந்தால் கவனம்: வால்வு உள்ளே அமிழ்ந்திருக்கும் ஆழமும் சேர்ந்து குறைகிறது. கம்பிரஷன் விகிதம் 22ஐ ஒட்டிய இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடம் மிகக் கொஞ்சம். அளவு மீறினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

கேஸ்கெட்டிலும் மூன்று தடிப்பு உண்டு; பி, டி, எஃப் என்று குறி இருக்கும். பிஸ்டன் பிளொக்கின் முகத்தைத் தாண்டி எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை அளந்துதான் தெரிவு செய்ய வேண்டும். கடையில் இருந்ததைப் பூட்டினால் ஒன்றில் குளிரில் ஸ்டார்ட் வராது, அல்லது தட்டும். டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அதன் ஆயுள் 1,00,000 கிலோமீற்றர். அறுந்தால் செய்த வேலை முழுவதும் போகும்.

## 3எல் அல்லது 5எல்

பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். 3எல் 96க்கு 96 மில்லிமீற்றர், 2779 சிசி. 5எல் 99.5க்கு 96, 2986 சிசி. மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் எஞ்சின் மவுண்டும் பெல் ஹவுசிங்கும் (எஞ்சினும் கியர்பொக்சும் சேரும் கூடு) ஒத்துவரும். உங்கள் கியர்பொக்ஸ் அப்படியே இருக்கும், வெல்டிங் இல்லை, புது வயரிங் இல்லை. டர்போவின் சூடு இல்லாமல், ஆகக்கூடிய இழுவை 2400 சுற்றை ஒட்டி வருகிறது. மேலே போட்ட 80 கிலோமீற்றர் கணக்கை மீண்டும் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. 2எல் பிளொக்கை 3எல் அளவுக்குத் துளைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விட்டம் 4 மில்லிமீற்றர் கூட, ஸ்ட்ரோக்கும் வேறு.

இந்த எஞ்சின்கள் அதிகம் கழன்று வருவது ஹைஏஸ் வான்களிலிருந்து. நம் ஊரில் டொல்பின் என்று சொல்லும் வானும் அதில் ஒன்று. வானில் எஞ்சின் இருக்கும் விதம் வேறு என்பதால் ஒயில் சம்ப், ஒயில் உறிஞ்சும் குழாய், மவுண்ட் தாங்கிகள், சில சமயம் காற்றுக் குழாயும் கெப்புக்குப் பொருந்தாது. இவற்றைப் பழைய 2எல்லிலிருந்து எடுத்துப் பூட்ட வேண்டும். ஆகவே புது எஞ்சின் ஓடி ஒரு மாதம் ஆகும்வரை பழையதை இரும்புக்குப் போடாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

- எஞ்சினைக் கீழே வைத்தே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் குளிர்ந்த நிலையில். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் கையால் தொட்டாலே தெரியும்.
- ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து தலைகீழாக வாயில் வையுங்கள். துள்ளி விழுந்தால் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது.
- கிராங்கின் முனையில் பெல்ட் ஓடும் கப்பியை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.
- பம்ப் அந்த எஞ்சினின் சொந்தப் பம்பா? 3எல்லுக்கு 2எல் பம்பைப் பூட்டி விற்பதுண்டு. டீசல் போதாமல் பெரிய எஞ்சின் சின்ன எஞ்சின்போல் ஓடும்.
- அல்டர்னேட்டரின் பின்னால் வெக்யூம் பம்ப் இருக்கிறதா? பிரேக் பூஸ்டர் அதை நம்பித்தான் இருக்கிறது. அதன் ஒயில் குழாய்களும் சேர்ந்து வர வேண்டும்.

மறைந்த செலவில் முதலாவது ரேடியேட்டர். 2எல்லுக்கு வந்த பழைய ரேடியேட்டரின் பாதிக் குழாய்கள் அடைத்திருக்கும். புதிய பெரிய எஞ்சினை அதில் தொங்கவிட்டு முதல் கச்சானிலேயே ஹெட்டை வெடிக்க வைப்பவர்கள் பலர். அகலமான கோர் போட்டு, விசிறியைச் சுற்றும் பிளாஸ்டிக் கூட்டையும் பூட்டுங்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி இழுக்கும். தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே பெரிய பிழை. ரொயோட்டாவின் இந்த வகையில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. கழற்றினால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி எஞ்சினுக்குள் வரும்.

3எல்லா 5எல்லா என்றால், பாகம் மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பது 3எல். ஒரு தொன்னுக்கு மேல் தினமும் ஏற்றுகிறவருக்கு 5எல்லின் விலை வித்தியாசம் பெறும். மற்றவர்கள் அந்தக் காசை ரேடியேட்டரிலும் நொசிலிலும் போடலாம்.

## டர்போ பூட்டுவது

சரியாகச் செய்தால் இழுவை நாலில் ஒரு பங்கு கூடும், ஏற்றத்தில் மூன்றாம் கியர் நாலாம் கியராகும். ஆனால் தேய்ந்த எஞ்சினைக் காப்பாற்ற டர்போ போடுவது நோயாளிக்குச் சுமை ஏற்றுவதுதான். நாலு சிலிண்டரும் 28 கிலோவுக்கு மேல் காட்டும் 3எல்லாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

2எல் டர்போ எஞ்சினிலிருந்து சிடி20 டர்போவை அதன் மேனிபோல்டோடு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) சேர்த்து எடுத்தால் வெல்டிங் குறையும். அழுத்தம் 0.4 முதல் 0.5 பார், 6 – 7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம். டர்போவுக்கென்று வந்த எஞ்சின்களில் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு ஒயில் பீய்ச்சும் ஏற்பாடு இருக்கும். உங்கள் பிளொக்கில் அது உண்டா என்று சம்பைக் கழற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் 0.4ஓடு நிறுத்துங்கள்.

ஒயில் திரும்பும் குழாயில்தான் அதிகம் பிழைக்கிறார்கள். அது உள்விட்டம் 15 மில்லிமீற்றர் அளவில், வளைந்து மடங்காமல் கீழ்நோக்கியே இறங்கி, சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். மெல்லிய குழாய் போட்டால் ஒயில் தேங்கி டர்போவின் சீல் வழியாகக் கசிந்து வெள்ளைப் புகை அடிக்கும். டர்போ பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் புகைக்கும்.

அடுத்தது டீசல். டர்போ இல்லாத பம்பில், காற்றழுத்தம் ஏறிய பிறகு மட்டும் டீசலைக் கூட்டும் பகுதி கிடையாது. பம்பின் டீசல் அளவுத் திருகைக் கூட்டினால் எல்லாச் சுற்றிலும் டீசல் கூடும். டர்போ எழும்புமுன் கரும்புகை கக்கி, புகைப் பரிசோதனையில் விழும். டர்போ பம்பைத் தேடி வாங்குவது சரியான வழி. முடியாவிட்டால் திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் சரக்கோடு ஓட்டிப் பாருங்கள்.

சைலன்சர் வாயுவின் வெப்பமானி இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. உணரியை டர்போவுக்கு முன்னால், மேனிபோல்டில் பூட்டுங்கள். 650 பாகைக்கு மேல் நீடித்தால் காலை எடுங்கள். எஞ்சினை உருக்குவது அழுத்தத்தை விட வெப்பம்தான். லுணுகலை ஏற்றத்தில் மட்டும் அல்ல, கச்சானை எதிர்த்து ஒரு மணித்தியாலம் முழுச் சரக்கோடு 80இல் ஓடினாலும் அதே நிலை வரும்.

இந்த அழுத்தத்துக்கு இன்டர்கூலர் தேவையில்லை. முன்னால் பூட்டினால் ரேடியேட்டரின் காற்றைத்தான் மறைக்கும். சைலன்சர் குழாய் இரண்டரை அங்குலம். ஒயிலை 4000 கிலோமீற்றரில் மாற்றுங்கள். நிறுத்துமுன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

## 1கேஇசட்டுக்கு மாறுவது

2982 சிசி, 125 முதல் 130 குதிரைவலு, 2000 சுற்றிலேயே 29 கிலோகிராம் மீற்றர். வாரத்துக்கு இரண்டு முறை மலையேறும் நாலு சக்கர இழுவைக் கெப்புக்கு இதுபோல் வேறில்லை. ஆனால் எஞ்சினின் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். பெல் ஹவுசிங் ஒத்துவராததால் கியர்பொக்சோடு வாங்க வேண்டும். அதனால் புரொபெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். மவுண்ட் செய்ய வேண்டும். மின்னணுப் பம்ப் உள்ளதானால் கொம்பியூட்டர் பெட்டியும் முழு வயரிங்கும் வெட்டாமல் வர வேண்டும். ஒரு உணரி போனாலும் வயலோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

இதற்கும் ஹெட் வெடிப்பு என்ற பெயர் உண்டு, அலுமினிய ஹெட். ஹாஃப் கட் (வெட்டி எடுத்த வாகனத்தின் முன்பாதி) ஒன்றை முழுதாக வாங்கி, ரேடியேட்டர் முதல் கியர் லீவர் வரை அதிலிருந்தே எடுக்க முடிந்தால் செய்யலாம். துண்டு துண்டாகப் பாகம் சேர்த்துச் செய்தால் கெப் மூன்று மாதம் கராஜில் நிற்கும். பிரேக்கையும் அதற்கேற்ப உயர்த்தாமல் இந்த எஞ்சினைப் பூட்டுவது ஆபத்து.

எல்ஃப் லொறியின் 4ஜேபி1ஐயும் சிலர் கேட்கிறார்கள். 2771 சிசி, டைமிங் கியர், டீசல் நேரே பிஸ்டன் மேல் பாயும் வகை என்பதால் எரிபொருள் சிக்கனம். தினமும் 200 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அந்த மிச்சம் உண்மையானது. சத்தமும் அதிர்வும் கூட; மவுண்ட், கியர்பொக்ஸ் வேலை 1கேஇசட்டுக்கு உள்ளதே. நல்ல வெல்டரும் பொறுமையும் இருந்தால் மட்டும்.

## எந்த எஞ்சினானாலும்

காற்று எடுக்கும் வாயை உயர்த்துங்கள். கார்த்திகை மார்கழி வெள்ளத்தில் வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கம் ரோட்டைத் தாண்டும் தண்ணீரில் ஒரு கோப்பை அளவு சிலிண்டருக்குள் போனால் போதும், பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட் வளையும். எயர் பில்டர் பெட்டியின் எல்லா இணைப்பிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். பில்டரைத் தாண்டி நுழையும் கிரவல் புழுதி புது ரிங்கை ஒரு போகத்திலேயே தின்றுவிடும்.

டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். இந்தப் பம்புகளுக்கு உள்ளே மசகு டீசலேதான்.

புது எஞ்சினுக்கு முதல் 1000 கிலோமீற்றர் முக்கியம். சும்மா நிறுத்தி ஓடவிடுவதால் ரிங் படியாது. அரைச் சரக்கோடு, வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். 500இல் ஒயிலை மாற்றுங்கள்.

## பத்திரம்

எஞ்சின் மாறினால் இலக்கமும், 2எல்லிலிருந்து 3எல்லுக்குப் போனால் சிசியும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துவராது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். திருத்தாத கெப்பை விற்கும்போதும், விபத்துக்குப் பின் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். ஆகவே காசு கொடுக்குமுன் கடைப் பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா, இறக்குமதிச் சுங்கப் பத்திரத்தின் பிரதி தருகிறார்களா என்று பாருங்கள். பிளொக்கில் இலக்கம் உள்ள இடத்தை டீசல் துணியால் துடைத்து, படம் எடுத்து, சீட்டோடு ஒப்பிடுங்கள். அந்த இடம் மட்டும் அரைத்துப் பளபளத்தால், எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் லொறியில் ஏற்றாதீர்கள்.